“பையனுக்கா, பொண்ணுக்கா?”: கடலூரில் நான் சாமான் வாங்கும் விளையாட்டுக் கடை

திருப்பாதிரிப்புலியூரில் பதினாறு வருடமாக எங்கள் பள்ளிக்குச் சாமான் வாங்கும் கடை இது. பெயரைச் சொல்லப் போவதில்லை. முதலாளி நல்ல மனிதர். விளையாட்டு நிதி வந்து சேர மூன்று மாதம் ஆனாலும் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். புது வருடத்துக்கு மறக்காமல் காலண்டர் கொடுத்தனுப்புவார். பெயரைப் போட்டுவிட்டு அடுத்த தடவை அந்தப் படியை நான் எப்படி ஏறுவது? நம் ஊர் பி.டி. டீச்சர்களும் பி.டி. மாஸ்டர்களும் பாதி படிக்கும்போதே எந்தக் கடை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தவர்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ளவும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குண்டு, தட்டு, ஈட்டி வாங்க இதைவிட நம்பகமான இடம் எனக்குத் தெரிந்து கடலூரில் இல்லை. பெண்கள் குண்டு 4 கிலோ, ஆண்கள் குண்டு 7.26 கிலோ. பள்ளிப் பிள்ளைகளுக்கு வயதுக்குத் தகுந்த மாதிரி இதற்கு நடுவிலும் கீழும் எடைகள் உண்டு. போட்டியில் பத்து கிராம் குறைந்தாலும் நடுவர் ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். அதனால் இவர் மேசையின் மேல் ஒரு எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறார், காய்கறிக் கடையில் இருப்பது மாதிரி. குண்டை அதில் வைத்து, எண் நிற்கும்வரை காத்திருந்து, “பாத்துக்குங்க டீச்சர், நாலாயிரத்து அஞ்சு” என்று காட்டிவிட்டுத்தான் பையில் போடுவார். வலை, கோன், விசில், சுண்ணாம்புப் பொடி எல்லாம் நியாயமான விலை. ஜி.எஸ்.டி. பில் கேட்காமலே வரும்.

சரி, இனி குறைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஏழாவது படிக்கும் ஒரு பெண், எட்டாவது படிக்கும் ஒரு பையன். அவளுக்குக் கால்பந்து ஷூ, அதாவது அடியில் குமிழ் வைத்த ஸ்டட்ஸ் வேண்டும். அவனுக்கு வளையப்பந்து (ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து பிடிக்கும் டென்னிகாய்ட்) ஆட ஒரு நல்ல வளையம் வேண்டும். பள்ளி வளையங்கள் வெயிலில் கிடந்து வெடித்துப் போயிருந்தன.

கடை ரயில் பெட்டி மாதிரி இருக்கும். அகலம் பத்தடி, உள்ளே போகப் போகப் போய்க்கொண்டே இருக்கும். வாசலில் வலைப்பையில் நிவியா, காஸ்கோ பந்துகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அடுத்து கிரிக்கெட் மட்டைகள், அப்புறம் கால்பந்து, வாலிபால், கபடி சாமான்கள். ஜிம் சாமான்களையும் தாண்டிக் கடைசியில் ஒரு மூலை உண்டு. ஸ்கிப்பிங் கயிறு, வளையம், த்ரோபால், கேரம், யோகா பாய், இளஞ்சிவப்பில் ஷட்டில் பேட். ‘பெண்கள் பகுதி’ என்று எங்கேயும் எழுதிப் போடவில்லை. எழுதத் தேவையும் இல்லை, உள்ளே நுழைந்ததும் கடைப் பையன் கேட்கும் முதல் கேள்வியே “பையனுக்கா, பொண்ணுக்கா டீச்சர்?” என்பதுதான். என்ன விளையாட்டு என்பது இரண்டாவது கேள்வி.

“பொண்ணுக்கு. ஷூ.”

ஓடிப்போய் ஒரு பெட்டி கொண்டுவந்தான். இளஞ்சிவப்பு லேஸ் போட்ட ஷட்டில் ஷூ. அழகாகத்தான் இருந்தது.

“ஃபுட்பால் ஆடுறவப்பா. ஸ்டட்ஸ் எடு.”

“லேடீஸ் ஸ்டட்ஸ் வர்றதில்லையே டீச்சர்.”

“ஸ்டட்ஸ்ல ஏதுப்பா லேடீஸ்? மூணாம் நம்பர் எடு.”

“மூணாம் நம்பர் பாய்ஸ்லதான் இருக்கு.”

“அதைத்தானே எடுக்கச் சொல்றேன்.”

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பெண் மட்டும் யாரையும் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த கறுப்பு ஸ்டட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடது விங்கில் ஓடுகிறவள். அதுவரை ஆடியது அண்ணனுடைய பழைய ஷூவில், நுனியில் துணி திணித்துக்கொண்டு.

இது வேறு ஏதாவது ஊரில் நடந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. இந்தியப் பெண்கள் அணிக்கு நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். முன்கள ஆட்டக்காரர் சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிக்காரர். 2004 சுனாமியில் தாய் தகப்பனை இழந்து இங்கே அரசுக் காப்பகத்தில் வளர்ந்த பெண் பிள்ளைகள் சிலர் கால்பந்து பழகித் தேசியப் போட்டி வரைக்கும் போனார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் ஆனது. மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்துக்குச் சாயங்காலம் போய் நின்று பார்த்தால் தெரியும். கால்பந்து பெண்கள் ஆடும் ஆட்டமா என்று கேட்க இந்த ஊரில் யாருக்கும் வாய் வரக்கூடாது. அதே அரங்கத்துக்குச் சாமான் போகும் கடையில் “லேடீஸ் ஸ்டட்ஸ் வர்றதில்லை” என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) படித்தவர்கள் யாரும் ஒத்துக்கொள்வார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் விதியிலேயே வித்தியாசம் வைத்திருக்கும் விளையாட்டுகள் ஏராளம். வாலிபால் வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கபடியில் ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர், பெண்கள் களம் 12-க்கு 8. கூடைப்பந்தில் ஆண்களுக்கு ஏழாம் நம்பர் பந்து, பெண்களுக்கு ஆறாம் நம்பர். ஈட்டி 800 கிராம், 600 கிராம். கிரிக்கெட் பந்தில்கூடப் பெண்களுக்கு எடை குறைவு. கால்பந்தில்? அதே ஐந்தாம் நம்பர் பந்து, அதே மைதானம், அதே கோல், அதே 90 நிமிடம். ஒரு சென்டிமீட்டர்கூடக் குறைத்துக் கொடுக்காத ஆட்டத்தைத்தான் ஊரே ஆம்பளை ஆட்டம் என்கிறது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூல் குடிசன் பார்க்கில் டிக் கெர் லேடீஸ் என்ற தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் டிசம்பரிலேயே அங்கத்துக் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று தன் மைதானங்களில் தடை போட்டது. தடையை எடுக்க 1971 ஆனது. கூட்டம் வராத ஆட்டமாக இருந்திருந்தால் யாரும் தடை போட்டிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். இதை முதலாளியிடமும் சொன்னேன். “அப்படியா டீச்சர்?” என்று ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டு, மூன்றாம் நம்பர் ஸ்டட்ஸை எடுத்துத் தூசி தட்டினார். 850 ரூபாய். பள்ளிக்கு என்பதால் 780.

ஷூ இருக்கட்டும், அந்தப் பையன் விஷயம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அவன் தேவனாம்பட்டினத்துப் பிள்ளை. அப்பாவோடு கரையில் நின்று வலை இழுத்த கை. மணிக்கட்டு அப்படியொரு உறுதி. வளையப்பந்தில் வளையத்தை ஒரே கையால் பிடிக்க வேண்டும், மேல் நோக்கி விட வேண்டும். உள்ளங்கை பட்டு அதிர்ந்தால் நழுவிவிடும். இவன் கைக்கு வந்த வளையம் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். நானாக அவனை இந்த ஆட்டத்தில் சேர்க்கவில்லை. பெண் பிள்ளைகள் ஆடும்போது ஓரத்தில் நின்று வெளியே போகும் வளையத்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன், ஒரு நாள் ஆள் குறைந்தபோது உள்ளே வந்தான்.

கடைசி மூலைக்குப் போய் வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஒன்றை அழுத்திப் பார்த்தான், இன்னொன்றை முகர்ந்து பார்த்தான். (புது ரப்பர் வாசனை எனக்கும் பிடிக்கும்.) கடைசியில் ஒன்றை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினான். கடைப் பையன் சிரித்துக்கொண்டே கேட்டான், “தங்கச்சிக்கா தம்பி?”

பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டிருந்த வளையத்தை நிறுத்தி, எடுத்த கம்பியிலேயே திரும்ப மாட்டிவிட்டு வாசல் பக்கம் போய் கிரிக்கெட் மட்டைகளைப் பார்க்க ஆரம்பித்தான். அவனுக்குத் தங்கச்சியே கிடையாது.

கடைப் பையன் கேலி செய்யவில்லை. அதுதான் கஷ்டம். அவனுக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. கால்பந்து ஷூ கேட்ட பெண்ணைப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று புருவம் உயர்ந்தது. வளையம் எடுத்த பையனைப் பார்த்து வாய் கோணியது. பெண் பிள்ளை ஆண் ஆட்டத்துக்கு ஏறுகிறாள், பையன் பெண் ஆட்டத்துக்கு இறங்குகிறான் என்று ஒரு கணக்கு. ஏணியை இப்படிச் சாத்தி வைத்தது யார் என்று தெரியவில்லை. வளையம் நான் தனியாகப் போய் எடுத்துவந்து பில்லில் சேர்த்தேன், 140 ரூபாய். ஸ்கூட்டியில் ஏறியபிறகுதான் அவன் கையில் கொடுத்தேன்.

இந்த ஏணி எனக்குப் புதிதில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.பி.எட். படித்தபோது நான் குண்டு எறிகிறவள். வலது கை இடது கையைவிடத் தடிமன். ஜாக்கெட் தைக்கிற அண்ணன் அளவு நாடாவை இரண்டு கையிலும் சுற்றிப் பார்த்துவிட்டு, வலது கைக்கு மட்டும் அரை இஞ்ச் கூட விட்டு நோட்டில் குறித்துக்கொள்வார். இன்று வரைக்கும் அப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை, “பொண்ணு என்ன விளையாட்டு?” என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து, “த்ரோபால்” என்றாள். நான் வாழ்க்கையில் மொத்தம் நாலு தடவை த்ரோபால் ஆடியிருப்பேன். அத்தை திருப்தியாகக் கேசரியைச் சாப்பிட்டார்கள். கல்யாணமான ஆறாவது மாதம் பரண் மேல் இருந்த பெட்டியில் பதக்கத்தைப் பார்த்துவிட்டு, “இது யாருது?” என்றார் என் வீட்டுக்காரர். அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். எந்த விளையாட்டைச் சொன்னால் காபி ஆறுவதற்குள் பேச்சு முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு விளையாட்டு ஆணா பெண்ணா என்று யார் எந்த அடிப்படையில் முடிவு செய்கிறார்கள் என்று யோசித்தால் தலை சுற்றும். ஸ்கிப்பிங் கயிறு பெண்கள் மூலையில் தொங்குகிறது. கயிறு தாண்டாத குத்துச்சண்டைக்காரர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். நம் தெருக்களில் பாண்டி ஆட்டத்தையும் நொண்டியையும் பையன்கள் ஆடினால் சிரிப்பார்கள், அது பொம்பளைப் பிள்ளை ஆட்டம். ஒற்றைக் காலில் தத்தி, அடுத்த காலுக்கு மாறி, தாண்டி விழுவதுதான் மும்முறைத் தாண்டல். நொண்டி ஆடி வளர்ந்த பிள்ளைக்கு முதல் தத்தலைச் சொல்லித்தரவே வேண்டாம், காலில் இருக்கும். அந்த மும்முறைத் தாண்டல் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1896-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 1996 அட்லாண்டாவில்தான். சரியாக நூறு வருடம். தெருவில் பெண் ஆட்டமாக இருந்தது அரங்கத்துக்குள் போனதும் ஆண் ஆட்டமாகிவிட்டது.

கபடியும் அப்படித்தான். ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990-ல், பெண்கள் கபடி 2010-ல். இருபது வருட இடைவெளி. ஆனால் கபடி இப்போது மாறிக்கொண்டு வருகிறது. 2025 அக்டோபரில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்று, கண்ணகி நகர் கார்த்திகா பெயர் டிவியில் ஓடியதும், இந்தக் கடையில் பெண்கள் அளவுக் கபடி ஷூ ஒரு வரிசை வந்து உட்கார்ந்தது. வியாபாரிக்கு மூக்கு நன்றாக வேலை செய்கிறது. அதற்கு அடுத்த மாதம் 2-ஆம் தேதி, நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கவுர் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை எடுத்தது. மட்டை கேட்டுப் பெண் பிள்ளைகள் வருகிறார்கள் என்று முதலாளியே சொன்னார். சுவரில் மட்டும் இன்னும் தோனிதான்.

அப்புறம் கூடைப்பந்து விவகாரம்.

எங்கள் பெண்கள் அணிக்கு ஆறாம் நம்பர் பந்து நான்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். வந்தது ஏழாம் நம்பர். ஃபோன் செய்தேன். “ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர், பாத்தா வித்தியாசமே தெரியாது” என்றார். பார்த்தால் தெரியாதுதான். சுற்றளவில் இரண்டரை சென்டிமீட்டர், எடையில் 70 கிராம் போல. பதினாலு வயசுப் பெண்ணின் கையில் கொடுத்தால் தெரியும். விரல் முழுசாக விரிந்தும் பிடி கிடைக்காமல் தோளால் தள்ளிப் போடுவாள். அப்படியே பழகினால் அந்த எறி பிறகு திருந்தாது. இதையெல்லாம் விளக்கியபிறகு அவர் சொன்ன யோசனை: “கொஞ்சம் காத்தைக் கம்மி பண்ணி விட்டா சரியாப் போயிடும்.”

வாலிபால் கம்பத்திலும் இதே பதில்தான் கிடைத்தது. கொக்கி ஆண்கள் உயரத்தில் மட்டும் வெல்டு வைத்து வந்திருந்தது. “கயித்தைத் தளத்தி விடுங்க டீச்சர்.” தளர்த்தினால் வலை நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும். கடைசியில் நாங்களே வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போய், 2.24-க்கு ஒரு கொக்கி வைத்துக்கொண்டு வந்தோம்.

என் சண்டை இதுதான். குண்டுக்குத் தராசு வைத்து ஐந்து கிராம் பார்க்கும் இதே மனிதருக்கு, பந்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஸ்டட்ஸில் வித்தியாசம் தெரிகிறது, கயிற்றில் தெரிகிறது, ரப்பர் வளையத்தில் தெரிகிறது. ஷட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வலை, ஒரே களம், ஒரே இறகுப்பந்து. 2006 வரை பெண்கள் ஒற்றையர் மட்டும் 11 புள்ளிக்கு ஆடினார்கள், அந்த வருடம் எல்லோருக்கும் 21 ஆனது. அதில் மட்டைக்கு மட்டும் ‘லேடீஸ் மாடல்’ என்று ஒன்று அங்கே தொங்குகிறது. இரண்டையும் தராசில் வைக்கச் சொன்னேன். எடை ஒன்றேதான். பெயின்டுக்கு 60 ரூபாய் அதிகம்.

நிஜமான வித்தியாசம் ஒன்று ஷூவிலேயே உண்டு, அதை யாரும் பேசமாட்டார்கள். வளர்ந்த பெண்களுக்குப் பொதுவாகக் குதிகால் ஒடுக்கம். ஆண் அளவு ஸ்டட்ஸில் முன்பாதம் சரியாக இருக்கும், குதிகால் நழுவும். நழுவும் ஷூவோடு திரும்பி ஓடுகிற பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முழங்கால் ஞாபகம்தான் வரும். முழங்கால் ஜவ்வு கிழிவது பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட அதிகம். காரணம் ஷூ மட்டுமல்ல, இடுப்பு, தொடைத் தசை, இறங்கும் விதம் எல்லாம் சேர்ந்தது. இருந்தாலும் ஷூவையாவது சரி செய்யலாமே. பதினொன்றாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு வாங்கும்போது கட்டாயம் போட்டு, கடைக்குள்ளேயே நாலு தரம் திரும்பி ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாளி முணுமுணுப்பார். பரவாயில்லை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் இதை எழுதுவதிலேயே அர்த்தமில்லை. கடை வாசலில், கண்ணுக்கு நேராக, ஆண்கள் போடும் சப்போர்ட்டர் வரிசையாகத் தொங்குகிறது. சிறியது, நடுத்தரம், பெரியது. பக்கத்தில் கிரிக்கெட்டில் அடிவயிற்றுக்குக் கீழே போடும் கார்டு, பிளாஸ்டிக் உறையில், படத்தோடு. போகிற வருகிறவர்கள் யாருக்கும் அதில் கூச்சமில்லை. ஓடுகிற பெண் பிள்ளைகள் உள்ளே போடும் ஸ்போர்ட்ஸ் பிரா இருக்கிறதா என்று கேட்டேன். முதலாளி சட்டென்று பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். கடைப் பையன் ஏணியில் ஏறி எதையோ தேடினான். மேலே ஒன்றுமே இல்லை, காலி அட்டைப் பெட்டி. ஒரு நிமிடம் கழித்து முதலாளி பில் புத்தகத்திடம் சொன்னார்: “அது ஜவுளிக் கடை ஐட்டம் டீச்சர்.”

ஜவுளிக் கடையில் இருப்பது வேறு, ஓடுவதற்கு ஆவது வேறு. எட்டாவது, ஒன்பதாவதில் பெண் பிள்ளைகள் திடீரென்று ‘வயித்து வலி டீச்சர்’ என்று மைதானத்துக்கு வராமல் நின்றுபோவதில் பாதி இந்தக் காரணம்தான் என்று நான் நினைக்கிறேன். பதினாறு வருடம் மைதானத்தில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பிள்ளைக்குப் பிடிக்காமல் போவதில்லை. குதிக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஓட முடியுமா? அந்த ஒரு வரிசையை அவர் வாசலில் தொங்கவிட வேண்டாம், உள்ளே ஒரு இழுப்பறையில் வைத்தால்கூடப் போதும். பில் போடும் பெண் கிளம்பும்போது என் பக்கம் குனிந்து, “எழுதிக் குடுங்க டீச்சர், நான் ஆர்டர்ல சேத்துடுறேன்” என்றாள். அளவு வாரியாகப் பன்னிரண்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரட்டும், பார்ப்போம். அதுவரைக்கும் நான் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் வாங்குகிறேன்.

இவ்வளவு திட்டிவிட்டும் ஏன் அதே கடைக்குப் போகிறாய் என்று கேட்பீர்கள். ஒரு காரணம், பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். ஷட்டில் பேட்டுக்கு ஸ்ட்ரிங் போடுவது, பந்து தைப்பது, ஷூவுக்கு அடி ஒட்டுவது எல்லாம் அவர்தான். எழுபது வயதிருக்கும். நானும் முதலாளியும் ஸ்டட்ஸுக்காக வாதாடிக்கொண்டிருந்தபோது அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தினத்தாளை விரித்து, செருப்பைக் கழற்றி அதன் மேல் நிற்கச் சொன்னார். பால்பாயின்ட் பேனாவால் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டார். விரல் இடுக்கில் பேனா போனபோது அவள் கூச்சத்தில் சிரித்துவிட்டாள். “அசையாத பாப்பா.” கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இரண்டு கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“எந்தக் காலு அடிப்ப?”

“இடது தாத்தா.”

“அதான். இடது ஒரு நூல் பெரிசு. அந்தக் காலுக்குப் பாத்து எடு. வலதுக்கு நான் உள்ள ஒரு அட்டை போட்டுத் தரேன்.”

அட்டையை வெட்டி, ஓரத்தைச் சீவி, உள்ளே வைத்து, மேல் துளையில் லேஸை மடக்கி ஒரு வளையம் விட்டு அதற்குள் நுழைத்து இறுக்கிக் காட்டினார். குதிகால் நழுவாது. எனக்கே அந்த முடிச்சு புதிது. எவ்வளவு என்று கேட்டதற்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். என்ன விளையாட்டு என்றோ யாருக்கு என்றோ அவர் கேட்கவே இல்லை.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு மூன்று. குண்டுக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. பெரியவர் புதன்கிழமை வரமாட்டார், ஸ்ட்ரிங் போட வேண்டுமானால் வேறு நாளில் போங்கள். பெண்கள் கூடைப்பந்துக்கு எழுதும்போது ‘ஆறு’ என்று எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போடுங்கள். பந்தின் மேல் வால்வுக்குப் பக்கத்தில் நம்பர் அச்சாகியிருக்கும், கடையிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைப் பையன் “பையனுக்கா, பொண்ணுக்கா?” என்று கேட்டால் விளையாட்டின் பெயரையும் அளவையும் மட்டும் சொல்லுங்கள், வேலை சீக்கிரம் முடியும். பம்போடு ஊசி வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் பந்துக்குள்ளேயே உடையும்.